875,000 ரூபா போய்விட்டது: சிங்கப்பூர், மலேசியா குடும்பப் பயணம் போட இருக்கிற திருகோணமலை ஆட்கள் இதை வாசியுங்கள்

எட்டு லட்சத்து எழுபத்தையாயிரம் ரூபா. ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பமாக வெளிநாடு போவதற்கென்று நாங்கள் கட்டிய காசு. இப்போது டிக்கெட்டும் இல்லை, ஹோட்டலும் இல்லை, விசாவும் இல்லை. காசை வாங்கினவர் போனை எடுக்கிறாரும் இல்லை. நேற்றுத்தான் எல்லாம் முழுதாகத் தெரிய வந்தது. இரவு ஒருவருக்கும் நித்திரை இல்லை. கோபம் ஆறுவதற்கு முதல் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரை இப்போது போடவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது ஒரு வழிக்கு வரும்வரை பெயர் எழுத வேண்டாம் என்று சட்டம் தெரிந்த ஒருவர் சொன்னார். ஆனால் எந்த வகை ஆட்கள் என்று சொல்லலாம். முகநூலில் ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் ஒரு இலக்கம், கொழும்பில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்ன அலுவலகம், கிழக்குப் பக்கத்துக்கென்று தமிழ் கதைக்கிற ஒரு பிரதிநிதி. 'ஒரே பயணத்தில் இரண்டு நாடு, குடும்பப் பக்கேஜ்' என்று விளம்பரம் போடுகிறவர்கள். அந்த விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா. அம்மாவுக்குப் பத்துமலை முருகனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர். அதனால் கொழும்பிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து கோலாலம்பூர், பிறகு ரயிலில் பட்டர்வொர்த் போய்க் கடல் கடந்து பினாங்கு, திரும்பிக் கோலாலம்பூர் வந்து வீடு. இப்படி நாலு இடம் தொட்டுப் போகிற பயணத்தில் விமானம், ஹோட்டல், ரயில், விசா எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கும். சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை, மலேசியாவுக்கு ஈ-விசா தேவை. இதற்கெல்லாம் ஒரு முகவரைப் பிடிப்பது ஊர் உலகம் செய்கிற வேலைதானே.

காசு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் கட்டிவந்த சீட்டு இந்த வருடம்தான் விழுந்தது. அது போதாமல் என் காப்பு இரண்டையும் அடைவு வைத்தோம். கணவர் நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வான் ஓடுகிறவர். ஆகஸ்ட் என்றால் எங்கள் கடற்கரைக்கு சீசன், அவர் உழைக்கிற காலமே அதுதான். அந்த உழைப்பையும் விட்டுவிட்டுத்தான் 'சரி, பிள்ளைகளுக்காக ஒரு தடவை போவோம்' என்றார். வெளிநாட்டுக்காரர் யாரோ ஒருவர் பத்தாயிரம் ரூபா முற்பணம் அனுப்பினாலே அவர் விடியப்புறம் கட்டுநாயக்காவில் பெயர் எழுதின அட்டையோடு நிற்பார். இதுவரை ஒருவரையும் அவர் நடுத்தெருவில் விட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதரைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

அந்தப் பிரதிநிதி எங்கள் வீட்டுக்கே வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னை அக்கா என்றார், கணவரை அண்ணா என்றார். அம்மாவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'அம்மா, முழங்கால் எப்படி இருக்கு? பத்துமலையில 272 படி. வெயில் ஏற முதல் விடியவே கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அங்க இருக்கிற ஆளிட்டச் சொல்லிவிடுறன். ஹோட்டலில லிஃப்டுக்குப் பக்கத்தில கீழ் மாடியில அறை போடுறன்' என்றார். அம்மா உள்ளே போய் அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். போகும்போது கோவில் விபூதியும் கொடுத்தார். அம்மாவின் முதல் கடவுச்சீட்டு அது. அதற்காக வவுனியா அலுவலகம் வரை கூட்டிக்கொண்டு போய் வந்திருந்தோம். அந்தப் புதுப் புத்தகத்தை அந்தப் பிரதிநிதி கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படம் எடுத்தார்.

மொத்தப் பக்கேஜ் பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம். அதில் எழுபது வீதம் முற்பணம், அதுதான் 875,000. 'காசு கட்ட முதல் நீங்களே பாருங்க' என்று அடுத்த நாள் பின்னேரம் ஆறு எழுத்து பிஎன்ஆர் (விமான முன்பதிவுக் குறியீடு) ஒன்றை அனுப்பினார். விமான நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்துக்குப் போய் அதையும் கணவரின் குடும்பப் பெயரையும் அடித்துப் பார்க்கச் சொன்னார். அடித்தோம். ஐந்து பேரின் பெயரும் கடவுச்சீட்டில் இருக்கிறபடியே வந்தது. திகதி, நேரம், மூன்று விமானங்கள், எல்லாம் வந்தது. அது போலித் தளம் இல்லை, விமான நிறுவனத்தின் உண்மையான தளம். மகள் கைதட்டினாள். கோலாலம்பூர் ஹோட்டலின் உறுதிப்படுத்தல் கடிதமும் சேர்ந்தே வந்தது. அதுவும் உண்மையான ஹோட்டல், உண்மையான முன்பதிவு இலக்கம்.

இதைவிட ஒரு மனிதர் வேறு என்னத்தைச் சரிபார்க்க முடியும்? சொல்லுங்கள்.

இரவு பன்னிரண்டு மணிக்குள் காசு போகாவிட்டால் இந்த விலை போய்விடும் என்றார். கணக்கு இலக்கம் ஒரு தனியாளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, அது இயக்குநரின் கணக்கு, கம்பனிக் கணக்கில் போட்டால் வரி சேர்ந்து விலை கூடும் என்றார். அந்த இரவே வங்கிச் செயலியில் முழுக் காசும் போனது. 875,000.

பிறகு சில வாரம் எல்லாம் நல்லாகத்தான் போனது. காலை வணக்கம் அனுப்புவார், பிள்ளைகளின் பரீட்சை எப்படி என்று கேட்பார். மலேசிய விசா விண்ணப்பம் போட்டாயிற்று என்றார். விண்ணப்ப இலக்கத்தைக் கேட்டால் 'வந்துகொண்டிருக்கு அக்கா'. சிங்கப்பூர் வருகை அட்டையும் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையும் முடித்துவிட்டதாகவும் சொன்னார். அவற்றுக்கென்று ஆளுக்கு இவ்வளவு என்று பக்கேஜுக்குள் கட்டணம் சேர்த்தும் இருந்தார். இப்போது தெரிகிறது: அந்த இரண்டு அட்டையும் அரசாங்கத் தளங்களில் இலவசம். அதோடு, போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்கு முந்தித்தான் அவற்றை நிரப்பவே விடுவார்கள். மாதக்கணக்காக முன்கூட்டி 'முடித்துவிட்டேன்' என்றது பச்சைப் பொய்.

பிடிபட்டது அம்மாவின் முழங்காலால்தான். கீழ் மாடி அறை உண்மையாகவே போட்டிருக்கிறார்களா என்று கேட்டு, கணவர் கோலாலம்பூர் ஹோட்டலுக்கு நேரே மின்னஞ்சல் போட்டார். அடுத்த நாளே பதில் வந்தது. அந்த முன்பதிவு, எடுத்தவராலேயே ரத்து செய்யப்பட்டுவிட்டது என்று. ரத்து செய்த திகதியைப் பார்த்தால், நாங்கள் காசு போட்டதற்கு அடுத்த நாள்.

உடனே பிஎன்ஆரை அடித்துப் பார்த்தோம். அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்று வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பிரதிநிதி சொன்னவற்றை வரிசையாகச் சொல்கிறேன், உங்களிடமும் இதே வார்த்தைகள் வந்தால் அடையாளம் தெரியும். முதலில், 'சிஸ்டம் அப்டேட் நடக்குது அக்கா, இரண்டு நாளில வந்திடும்.' பிறகு, குழு விலைக்கு மாற்றுவதால் பழைய பிஎன்ஆர் போய்ப் புதியது வரும். பிறகு, இயக்குநர் டுபாயில் நிற்கிறார், வந்ததும் கதைப்பார். பிறகு நீல டிக் மட்டும், பதில் இல்லை. நான் அம்மாவைப் பற்றிச் சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: 'நீங்கள் இப்படி அவசரப்பட்டால் எங்களால் வேலை செய்ய ஏலாது. இன்னும் இரண்டு லட்சம் போட்டால் டிக்கெட்டைத் திரும்ப உயிர்ப்பிக்கலாம்.' எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்த ஆள் இதைச் சொல்கிறார்! கணவர் போனை வாங்கி, 'தம்பி, காசைத் திருப்பித் தாங்கோ, வேற ஒன்றும் வேண்டாம்' என்றார். அன்றோடு என் இலக்கத்தையும் அவர் இலக்கத்தையும் தடுத்துவிட்டார்கள்.

கணவர் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். மேல்மாடி அலுவலகம் பூட்டு. கீழே கடைக்காரர், அவர்கள் தளபாடத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். அங்கிருந்து நேரே விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த பெண் பிள்ளை பொறுமையாக விளக்கியிருக்கிறார், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். விஷயம் இதுதான்: முகவர்கள் காசு கட்டாமலே ஆசனங்களைப் பிடித்து வைக்கலாம். பிடித்த உடனே பிஎன்ஆர் விழும், பெயர்களும் தளத்தில் தெரியும். ஆனால் டிக்கெட் அடிக்கவென்று ஒரு கெடு உண்டு. அதற்குள் முகவர் காசைக் கட்டி டிக்கெட் அடிக்காவிட்டால் ஆசனங்கள் தானாகவே விடுபட்டுவிடும். எங்கள் ஐந்து பேருக்கும் டிக்கெட் அடிக்கப்படவே இல்லை. ஒரு சதம் கூட விமான நிறுவனத்துக்குப் போகவில்லை. ஹோட்டலிலும் இதே விளையாட்டுத்தான். இலவசமாக ரத்து செய்யலாம் என்கிற அறையை எடுத்து, கடிதத்தை எங்களுக்கு அனுப்பிவிட்டு, காசு விழுந்ததும் ரத்து செய்திருக்கிறார்கள். உண்மையான தளத்தையும் உண்மையான ஹோட்டலையும் வைத்தே பொய்யைக் கட்டியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வங்கியில் கேட்டோம். போன காசை, வாங்கினவர் சம்மதிக்காமல் தங்களால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். முறைப்பாட்டில் எல்லா ஸ்கிரீன்ஷாட்களையும், பற்றுச்சீட்டையும், குரல் பதிவையும் கொடுத்திருக்கிறோம். கூப்பிடுவார்கள் என்று இருக்கிறோம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை, 'காப்பை எப்ப மீட்கிறது?' என்று மட்டும் கேட்டார். மகன் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சிங்கப்பூர் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறான். 875,000 ரூபா என்பது காப்பும், சீட்டும், சீசன் உழைப்பும். அதை எடுத்துக்கொண்டு போனவர்கள் இந்த நேரம் வேறு ஒரு வீட்டில் இன்னொரு அம்மாவின் முழங்காலை விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக ஒரு பகுதி எழுதத்தான் நினைத்தேன். இப்போது தலை வேலை செய்யவில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

பிஎன்ஆரைப் பார்த்து நம்பாதீர்கள், ஈ-டிக்கெட் இலக்கத்தைக் கேளுங்கள். அது 13 இலக்கம், ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனி. முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு, ஸ்ரீலங்கன் என்றால் 603. அந்த இலக்கத்தை வைத்து விமான நிறுவனத்துக்கே போன் எடுத்து டிக்கெட் அடித்தாயிற்றா என்று கேளுங்கள். ஹோட்டலுக்கு நீங்களே மின்னஞ்சல் போடுங்கள், காசு கட்டிய பிறகும் இன்னொரு தடவை போடுங்கள். தனியாள் கணக்குக்கு ஒரு ரூபாவும் அனுப்ப வேண்டாம். கடன் அட்டையில் கட்டினால் வங்கியில் சவால் செய்ய ஒரு வழியாவது இருக்கும். முகவருக்கு இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டினால், அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு, சுற்றுலாவுக்கு இல்லை. பாவனையாளர் அதிகார சபையின் இலக்கம் 1977.

ஆகஸ்ட் பயணத்துக்கு ஏற்கனவே யாரிடமாவது காசு கட்டியிருக்கிறவர்கள் நாளைக்கு என்று விடாமல் இன்றைக்கே டிக்கெட் இலக்கத்தைக் கேளுங்கள். 'சிஸ்டம் அப்டேட்' என்று பதில் வந்தால் உடனே எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். அதே ஆட்களாக இருந்தால் ஒன்றாகப் போய் முறைப்பாடு கொடுப்போம்.