‘டேக்’ என்று தட்டினால் போன் என்ன சொல்லும்? ஐரோப்பிய மொழி படிப்பவர்களுக்கு ஒரு கருவி ஒப்பீடு

ஜெர்மன் படிக்க ஆரம்பித்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வீடு, தண்ணீர், மருந்து, படகு எல்லாம் சீக்கிரமே மனசில் நின்றுவிடும். ஆளைத் திணற வைப்பது டேக் (take), கெட், புட், பிரிங், நோ (know) மாதிரியான சின்னச் சின்ன ஆங்கில வினைச்சொற்கள்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது அங்கே போனால் நாலாகவும் ஐந்தாகவும் பிரிந்து நிற்கும். நம் பாடப்புத்தகமும் யூடியூப் வகுப்பும் ஆங்கிலம் வழியாகவே வருவதால் இந்தச் சிக்கலைத் தவிர்க்கவும் வழியில்லை.

பெயர்ச்சொல் கப்பலேறி வந்துவிடும், வினைச்சொல் அவ்வளவு லேசில் வராது. எங்கள் ராமநாதபுரத்துக் கரையிலேயே இதைப் பார்க்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் கோட்டை போட்டு இருந்தார்கள். அவர்கள் மொழியிலிருந்து சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. மீன் இறங்குகிற இடத்தில் தினமும் காதில் விழும் ‘ஏலம்’கூட அவர்கள் கொடுத்த சொல்தான். ஆனால் ஏலம் ‘விடு’வதும் ‘எடு’ப்பதும் நம் சொற்கள். அதே காலத்தில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த என்ரீக்கே என்ரீக்கஸ் பாதிரியார் லத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள் தமிழ் வினைகளை அடுக்கி, போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமே எழுதினார். இன்றைக்கு நம் பிள்ளைகள் செய்வது அதற்குத் தலைகீழான வேலை, அதையும் கையில் இருக்கிற போனை வைத்து.

அந்தப் போனில் எதைத் திறப்பது? இலவசமாகக் கிடைப்பவற்றில் அதிகம் புழங்குவது கூகுள் டிரான்ஸ்லேட், டீப்எல் என்ற மொழிபெயர்ப்புக் கருவிகள், லியோ, வேர்ட்ரெஃபரன்ஸ் போன்ற அகராதித் தளங்கள், விக்ஷனரி, அப்புறம் இப்போது எல்லோரும் பேசும் ஏஐ அரட்டை. எல்லாவற்றையும் ஒரே சோதனையில் நிறுத்திப் பார்ப்போம்.

ஆஸ்பத்திரி வார்டுக்குப் போவோம். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கேதான் பிழைப்பு. ஆங்கிலத்தில் மாத்திரைக்கும் டேக், ரத்த அழுத்தத்துக்கும் டேக், ரத்த சாம்பிளுக்கும் டேக், நோயாளியை எக்ஸ்ரே அறைக்கு அழைத்துப் போவதற்கும் டேக், பத்து நிமிஷம் ஆகும் என்பதற்கும் டேக். ஜெர்மனில் மாத்திரைக்கு ‘ஐன்னேமன்’ (வெறும் ‘நேமன்’ என்றாலும் தப்பில்லை, மருந்துக் குறிப்பில் ஐன்னேமன்தான் இருக்கும்). ரத்த அழுத்தத்துக்கு ‘மெஸன்’, அதாவது அளப்பது. ரத்தம் எடுக்க ‘அப்னேமன்’. நோயாளியைக் கொண்டுபோய் விட ‘பிரிங்ஙன்’. நேரம் ஆவதற்கு ‘டாவர்ன்’.

இதையே நாம் எப்படிச் சொல்வோம்? மாத்திரை போடு, பிரஷர் பார், ரத்தம் எடு, எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போ, பத்து நிமிஷம் ஆகும். ஐந்து இடத்திலும் ஐந்து வினை! ஜெர்மன்காரர் பிரிக்கிற அதே இடங்களில் நாமும் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம். நடுவில் ஆங்கிலம் வந்துதான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அதனால் ஒரு கருவியிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: ‘டேக்’ என்று கொடுத்தால் “எந்த டேக்?” என்று அது திருப்பிக் கேட்க வேண்டும்.

கூகுள் டிரான்ஸ்லேட் கேட்காது. ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் பெரிய எழுத்தில் ஒரு விடையை முன்னால் வைக்கும். கீழே இறங்கிப் பார்த்தால் வேறு சொற்களும் இருக்கும். ஆனால் அவசரத்தில் யார் கீழே இறங்குகிறார்கள்? 2006-இல் தொடங்கி 2011-லேயே தமிழையும் சேர்த்துக்கொண்ட கருவி என்பதால் நம்மவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டு. பாசத்துக்குக் காரணமும் இருக்கிறது. பேசினால் கேட்டுக்கொள்ளும், பலகையைப் படம் பிடித்தால் வாசித்துச் சொல்லும், மொழியை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தனுஷ்கோடிப் பக்கம் போய், போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும்போது இந்தக் கடைசி வசதியின் அருமை தெரியும். வந்திருக்கிற ப்ரெஞ்சுக்காரருக்கு ஆட்டோ எங்கே நிற்கும் என்று சொல்ல இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் வினைச்சொல் படிக்க இதை நம்பி உட்காரக் கூடாது. வழி சொல்வது வேறு, மொழி படிப்பது வேறு.

டீப்எல் 2017-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து வந்தது. 2009-இலிருந்து லிங்கீ என்ற எடுத்துக்காட்டு வாக்கிய அகராதியை நடத்திவந்தவர்கள்தான் இதையும் செய்தார்கள். முழு வாக்கியமாகக் கொடுத்தால் எனக்குத் தெரிந்த ஜெர்மன், ப்ரெஞ்சு மட்டத்தில் இதன் வாக்கியம் கூகுளைவிடச் சரளமாக இருக்கிறது. “நர்ஸ் ரத்த அழுத்தத்தை டேக் செய்தார்” என்ற ஆங்கில வாக்கியத்தில் அது ‘மெஸன்’ என்று சரியாகப் போய்ச் சேரும், ஏனென்றால் பக்கத்துச் சொல்லைப் பார்த்து முடிவெடுக்கிறது. விடையில் ஒரு சொல்லைத் தொட்டால் மாற்றுச் சொற்களையும் காட்டும். வேலைக்கு விண்ணப்பமோ மின்னஞ்சலோ எழுத வேண்டுமா, இதைத் திறங்கள். ஆனால் சரியான விடையைத் தரும் இந்தக் கருவியும் ஏன் அது சரி என்று சொல்லாது. அடுத்த தடவையும் நீங்கள் அதையே கேட்டுக்கொண்டு நிற்பீர்கள்.

இன்னொரு சிக்கல் மரியாதை. “இந்த மாத்திரையை டேக்” என்று ஆங்கிலத்தில் கட்டளை போட்டால் ஜெர்மனில் ‘நிம்’மா, ‘நேமன் ஸீ’யா? முன்னது ‘போடு’, பின்னது ‘போடுங்க’. ஆங்கிலத்தில் அந்தத் தகவலே இல்லாதபோது கருவி ஊகித்துத்தான் ஆக வேண்டும். எழுபது வயது நோயாளியிடம் ‘நிம்’ என்று சொன்னால் வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நமக்கோ இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அகராதித் தளங்களுக்கு வருவோம். என் ஓட்டு இவற்றுக்குத்தான். லியோ என்பது மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த அகராதி. ஜெர்மனை நடுவில் வைத்து ஆங்கிலம், ப்ரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன் என்று ஜோடி சேர்க்கும். ‘டேக்’ என்று தட்டினால் திரை நிறைய வினைகள் கொட்டும், கூடவே எந்தப் பொருளோடு எந்த வினை என்று சொற்றொடர்களும் வரும். முதல் பார்வைக்குத் தலை சுற்றும். ஆனால் அந்தக் கொட்டலில்தான் “எந்த டேக்?” என்ற கேள்வி இருக்கிறது. வினையின் எல்லா வடிவங்களையும் காட்டும் அட்டவணை ஒரு தட்டலில் திறப்பது இன்னொரு லாபம். ஜெர்மனில் ‘ஐன்னேமன்’ வாக்கியத்துக்குள் போனதும் இரண்டாக உடைந்து, ‘நேம’ முன்னாலும் ‘ஐன்’ வாக்கியக் கடைசியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசிச் சொல் வரும்வரை என்ன வினை என்றே முடிவாகாது. இதை அட்டவணையில் பார்த்துப் பழகாமல் காதால் பிடிக்க முடியாது.

ப்ரெஞ்சும் ஸ்பானிஷும் படிப்பவர்களுக்கு வேர்ட்ரெஃபரன்ஸ். 1999-இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி, பக்கத்தில் ஆங்கிலத்தில் சின்ன விளக்கம், கீழே ஒரு வாக்கியம். ‘பிரிங்’ தேடினால் பொருளைக் கொண்டுவர ‘அப்போர்த்தே’, ஆளைக் கூட்டிவர ‘அம்னே’ என்று பிரித்துக் காட்டும். ‘கொண்டு வா’, ‘கூட்டி வா’ என்று நாம் பிரிக்கிற அதே இடம். (பேச்சில் ப்ரெஞ்சுக்காரர்களே பொருளுக்கும் ‘அம்னே’ போடுவதுண்டு. தேர்வில் போடாதீர்கள்.) இரண்டு தளத்திலும் தமிழ் கிடையாது என்பது குறைதான், ஆங்கிலம் ஓரளவு வந்தால்தான் பிரயோஜனம்.

விக்ஷனரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலப் பதிப்பில் ஒரு வினைக்குப் போய் மொழிபெயர்ப்புப் பட்டியலைத் திறந்தால், ஒரு பொருளுக்கு ஒரு பட்டியலாக ஜெர்மன், இத்தாலியன், போலிஷ், ரஷ்யன், சில நேரம் தமிழும் ஒரே இடத்தில் நிற்கும். பல மொழியை ஒப்பிட்டு ரசிக்கிறவர்களுக்குச் சரியான விளையாட்டு மைதானம். ஆனால் தன்னார்வலர்கள் நிரப்புவது, வழக்கொழிந்த சொல்லும் புழக்கத்துச் சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். தேர்வுக்குப் படிக்கிறவருக்கு வேண்டாம்.

ஏஐ அரட்டை தமிழில் விளக்கம் தரும். மற்ற யாரிடமும் இல்லாத வசதி இது. “‘கொண்டு வா’வுக்கும் ‘கூட்டி வா’வுக்கும் ப்ரெஞ்சில் தனித்தனிச் சொல் உண்டா?” என்று நேரடியாகத் தமிழிலேயே கேட்கலாம். சலிக்காமல் பத்து எடுத்துக்காட்டு எழுதும். ஆனால் தப்பான விடையையும் அதே தெம்போடு சொல்லும், குரலில் தடுமாற்றமே இருக்காது. விளக்கத்துக்கு ஏஐ, உறுதிப்படுத்த அகராதி என்று வைத்துக்கொண்டால் பிழையில்லை. ஏஐ சொன்னதை இன்னொரு ஏஐயிடம் கேட்டு உறுதிப்படுத்துகிறவர்களை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு பழைய போட்டியாளரையும் களத்தில் இறக்க வேண்டும்: நோட்டுப் புத்தகம். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் அந்த மொழி வாக்கியம். ஆங்கிலத்துக்கு இடமே வேண்டாம். இது எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

கைகொடுக்கும் இடம் நிறைய. “எனக்கு நீந்தத் தெரியும், ஆனால் இன்றைக்கு முடியாது” என்று கடல் கொந்தளிக்கிற நாளில் மண்டபத்துப் பிள்ளை சொல்லும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘கேன்’ என்றே சொல்லிவிடலாம். ப்ரெஞ்சில் தெரிவதற்கு ‘ஸாவ்வார்’, முடிவதற்கு ‘பூவ்வார்’. ஸ்பானிஷிலும் ‘ஸாபேர்’, ‘பொதேர்’ என்று இரண்டு. வாக்கியத்தை அப்படியே தூக்கி வைத்தால் பொருந்துகிறது. ஸ்பானிஷின் ‘மே குஸ்தா’வும் அப்படித்தான். விரும்புகிறவரை எழுவாயாக்காமல் ‘எனக்கு’ என்று ஆரம்பிக்கும், நம் ‘எனக்குப் பிடிக்கும்’ போலவே. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த ஒன்றுக்கு வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒரு கருவியின் தரத்தைப் பார்க்க ஆசையா, “எனக்கு நண்டு பிடிக்கும், அண்ணன் நண்டு பிடிப்பார்” என்று தமிழில் கொடுத்து ஸ்பானிஷ் கேளுங்கள். இரண்டு ‘பிடி’யையும் பிரித்தால் கருவி தேறியது.

ஸ்பானிஷில் ‘இருத்த’லுக்கு இரண்டு வினை: ஸேர், எஸ்தார். “நான் மீனவன்” என்பதில் நமக்கு வினையே வேண்டாம், அங்கே ஸேர். “கடலில் இருக்கிறேன்”, “மீன் ருசியாக இருக்கிறது”, அங்கே எஸ்தார். ஆகா என்று தோன்றும். ஆனால் “தம்பி உயரமாக இருக்கிறான்” என்றதும் கணக்கு உடையும், உயரம் நிலையான குணம் என்பதால் ஸேர். “கூட்டம் சர்ச்சில் இருக்கிறது” என்றாலும் ஸேர்தான், நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு எஸ்தார் வராது.

இனி கவிழ்க்கும் இடங்கள். நீந்தத் ‘தெரியும்’ ஜெர்மனில் செல்லாது. அங்கே அது ‘முடியும்’ பக்கம் போய்விடும். செய்தி தெரிவதற்கு ‘விஸன்’, ஆளைத் தெரிவதற்கு ‘கெனன்’ என்று ஜெர்மன் பிரிக்கும். நமக்கு இரண்டும் ‘தெரியும்’. ‘கேள்’ இன்னும் மோசம். பாட்டுக் கேட்பது, வழி கேட்பது, கடன் கேட்பது எல்லாம் ஒரே சொல். ஸ்பானிஷில் மூன்றுக்கும் மூன்று வினை. ‘வை’யும் அப்படித்தான். பாட்டிலை நிற்க வைத்தால் ‘ஷ்டெலன்’, புத்தகத்தைக் கிடத்தினால் ‘லேகன்’, பைக்குள் செருகினால் ‘ஷ்டெக்கன்’ என்று ஜெர்மன்காரர் பொருள் எப்படி உட்காரப்போகிறது என்பதைப் பார்த்து வினை போடுவார். இந்த இடங்களில் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. லியோவைத் திறந்து வாக்கியத்தைப் பார்த்து எழுதிக்கொள்வதுதான் வழி.

சரி, யாருக்கு எது? நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறவருக்கு லியோவும் இரு பக்க நோட்டும், சந்தேகம் தீராவிட்டால் ஏஐ. ப்ரெஞ்சு, ஸ்பானிஷ் என்றால் லியோவின் இடத்தில் வேர்ட்ரெஃபரன்ஸ். ராமேஸ்வரத்தில் வருகிறவர்களோடு நாலு வார்த்தை பேச வேண்டிய கைடு, ஹோட்டல்காரர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் கூகுளே போதும், அகராதியைச் சுமக்க வேண்டாம். கடிதம் எழுதுகிறவர் டீப்எல்லில் எழுதி, வினைகளை மட்டும் ஒருமுறை அகராதியில் சரிபார்க்கட்டும். ஜெர்மன் தேர்வு நடத்தும் கொத்தே நிறுவனத்தின் பி1 (இடைநிலை) தேர்வறைக்குள் போனும் கூடாது, அகராதியும் கூடாது. அதனால் நோட்டைத் தேர்வுக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காமல் முதல் பாடத்திலிருந்தே எழுதிவாருங்கள். முதல் பக்கத்துக்கு அந்த ஐந்து டேக்குகளே போதும்.