வடநெம்மேலி பாம்புப் பண்ணை: முதலையைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் பலரும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் வண்டியை நிறுத்துவார்கள். முதலைகளைச் சுற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும், அப்படியே கிளம்பிவிடுவார்கள். அதே வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் விஷம் எடுக்கும் இடம் இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

இடத்தில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. பள்ளமாக ஒரு திடல், சுற்றிக் கைப்பிடிச் சுவர், நாம் மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். கீழே வரிசையாக மண்பானைகள், வாயைப் பருத்தித் துணியால் கட்டியிருக்கிறார்கள், உள்ளே மணலும் பாம்பும். ஏன் பானை என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும்: எலி வளைக்குள் கிடைக்கிற இருட்டும் குளுமையும் பானையில் கிடைக்கும், பாம்பும் சுருண்டு பேசாமல் இருக்கும்.

ஒருவர் இறங்கி ஒரு பானையைத் திறந்து, கம்பிக் கொக்கியால் நல்ல பாம்பைத் தூக்கி வெளியே விடுகிறார். மகுடி இல்லை, வித்தைப் பேச்சு இல்லை. படம் எடுத்து நிற்கிற பாம்புக்கு எவ்வளவு தூரத்தில் நின்றால் அது சீறாது என்று அவர் கால்களுக்குத் தெரிகிறது, அதுதான் என்னை அசத்தியது. தலைக்குப் பின்னால் பிடித்து, கண்ணாடிக் குப்பியின் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வைக் கடிக்க வைத்ததும் மஞ்சள் நிறத்தில் விஷம் இறங்குகிறது. எல்லாமே ஒரு நிமிடத்துக்குள் முடிந்து பாம்பு பானைக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்து கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பகுதி இந்த நான்கால்தான். 2000 முதல் 2019 வரையிலான கணக்கின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள். அந்தச் சாவைத் தடுக்கிற மருந்து இங்கிருந்துதான் தொடங்குகிறது. விஷத்தைப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள், அவர்கள் அதைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்து மருந்து செய்கிறார்கள். நம் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிற ஊசி அது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது விஷத்துக்காக அல்ல. பாம்பைப் பிடித்த ஆட்களுக்காக.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரமும் நின்றபோது, தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்களுக்கு வருமானம் போனது. செங்கல் சூளை, அரிசி ஆலை என்று கொத்தடிமை வேலையில் மாட்டிய குடும்பங்கள் அந்தச் சமூகத்தில் எத்தனையோ. அந்த நேரத்தில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணை நிற்க, இருளர்கள் 1978-இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாம்பைக் கொல்லாமலே பாம்பால் பிழைக்கலாம் என்கிற வழி அப்போது திறந்தது. ஒரு பாம்பை மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி வெளியே விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி கையில் சிக்கினால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவரிடம், “வளைக்குள்ள பாம்பு இருக்குன்னு எப்படிண்ணா தெரியும்?” என்று கேட்டேன். மண்ணில் இழுபட்ட தடம், வளை வாய் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது, சட்டை உரித்துப் போட்டிருக்கிறதா, எச்சம் காய்ந்ததா ஈரமா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் வேலையில்லை, அடுத்த வளைக்குப் போய்விடுவார்களாம். கையில் ஒரு சின்னக் கடப்பாரை, அவ்வளவுதான் கருவி. வரப்பில் எலி பிடிப்பதும் இதே கண்தான்: வளைக்குள் புகை ஊதி எலியை வெளியே வரவைத்து, அது பதுக்கிய நெல்லையும் தோண்டி எடுப்பார்கள். வயலுக்கு விஷ மருந்து வைக்கிற நாம், இந்த வேலை தெரிந்தவர்களைப் பக்கத்து ஊரிலேயே வைத்துக்கொண்டுதான் அதைச் செய்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்த அறிவு செங்கல்பட்டுக்கு வெளியேயும் செல்லும். 2017-இல் பாம்பு பிடிக்கும் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகிப்போய் மற்ற உயிர்களை அழித்துக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளில் 13-ஐ முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் பிடித்துக் காட்டினார்கள், அதில் ஒன்று 16 அடி. அறியாத ஊர், அறியாத புல், ஆனாலும் தடம் படிக்கத் தெரிந்திருந்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருது சரி, வேலை நடக்க வேண்டுமே. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும், அனுமதி தள்ளிப்போகிற நாட்களில் பிடிக்கிறவருக்குக் கூலி இல்லை. அப்பாவோடு வயலுக்குப் போய்த்தான் பையன் தடம் பார்க்கப் பழகுவான், அப்பாவுக்கு வேலை இல்லையென்றால் அவன் யாரோடு போவான்? ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் வயலும் புதரும் மனைகளாகிக்கொண்டே வருவது இதற்கு மேல். நேரில் பார்த்த பிறகு எனக்கு ஒரே ஆசை: இந்தப் பெரியவர்களோடு அதிகாலையில் வரப்பில் நடந்து தடம் பார்க்கிற மாதிரி சின்ன நடைப்பயணம் ஒன்று, அவர்களுக்கே நல்ல கூலி போகிற மாதிரி வந்தால் நான் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன்.

போகிறவர்களுக்கு: வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கேட்டுக்கொண்டு போங்கள். நிகழ்ச்சி இடைவெளி விட்டு நடக்கும், முன்னாலேயே போனால் சுவரோரம் இடம் பிடிக்கலாம். சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக மருத்துவமனை என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். முடிந்ததும் உடனே ஓடாமல் நின்று கேள்வி கேளுங்கள், பொறுமையாகச் சொல்கிறார்கள்.