மூட்டுத் தளர்வும் முழங்கால் வலியும் உள்ளவர்கள் பயிற்சிக் கட்டணம் செலுத்துவதற்கு முன்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கு அருகிலுள்ள ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் ஆறு மாதக் கட்டணத்தையும் தனிப்பயிற்சிக்கான தொகையையும் சேர்த்து 90,000 ரூபாயை முற்பணமாகச் செலுத்தி, ஐந்தாவது வாரத்தில் வீங்கிய வலது முழங்காலுடன் வெளியே வந்தேன். மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் உடல்வாகு கொண்டவர்களில் பலர் அதை ஒரு திறமை என்றே எண்ணி வளர்ந்திருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பரதநாட்டிய வகுப்பில் என் வளைவைக் காட்டி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கட்டைவிரல் முன்கையைத் தொடும். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிப்பேன். நேராக நின்றால் முழங்கால்கள் பின்னோக்கி வில்லாக வளையும். மூட்டுத் தளர்வை அளக்க மருத்துவர்கள் செய்யும் பெய்ட்டன் அளவீடு என்னும் 9 புள்ளிச் சோதனையில் பார்ப்பவற்றுள் இவையும் அடங்கும். எனக்கு அதில் 7 புள்ளிகள். சேர்ந்த நாளிலேயே பயிற்றுநரிடம் இதையும், படியிறங்கும்போது வரும் வலியையும் சொன்னேன். "அக்கா, இவ்வளவு வளைவு எல்லாருக்கும் வராது, உங்களுக்குப் பயிற்சி சுகமாக இருக்கும்" என்றார். அவர் என் முழங்காலைப் பக்கவாட்டில் நின்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருப்பவர்களுக்கு மூட்டை நிலையாக வைத்திருக்கும் பொறுப்பில் பெரும்பங்கு தசைகளைச் சேர்கிறது. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உணரும் திறனும் பலருக்குக் குறைவாக இருப்பதால், கால் இப்போதுதான் நேரானது என்று நாம் நினைக்கும் நேரத்தில் அது ஏற்கெனவே பின்னே போயிருக்கும். அத்தகைய காலை, பாதங்களால் பாரத்தைத் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் முற்றாக நீட்டிப் பூட்டி நிறுத்தச் சொன்னார். அந்நிலையில் தசை தளர்ந்துவிட, பாரம் மூட்டின் மீதும் நார்களின் மீதும் இறங்குகிறது. எடையையும் வாரந்தோறும் கூட்டினார். பயிற்சி முடிந்ததும் முழங்காலைக் கையால் அழுத்தி மேலும் நீட்டிவிட்டார். வலிக்கிறது என்றபோது, வலித்தால்தான் பலன் என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பற்றுச்சீட்டின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனையை முகாமையாளர் காட்டினார். மருத்துவரின் கடிதத்தை வாங்கிப் பார்க்கவும் மறுத்துவிட்டார். பயிற்றுநரின் தகைமைச் சான்றிதழை இருமுறை கேட்டேன், எவரும் காட்டவில்லை.

பின்னர் நான் சென்ற இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), பாரம் தூக்குவதே தவறு என்று சொல்லவில்லை. எனக்குத் தசைப்பலம் மற்றவர்களைவிட அதிகம் தேவை என்றுதான் சொன்னார். சுவரில் முதுகைச் சாய்த்து அரைகுறையாக அமர்ந்து அசையாமல் இருப்பது, கதிரையிலிருந்து மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்கி எழுவது, இடுப்பின் பக்கத் தசைகளுக்கான பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்பது என்று தொடங்கினோம். எதிலும் முழங்கால் முற்றாக நேராவதற்குச் சற்று முன்பே நிறுத்தவேண்டும். அதைக் கவனிக்கப் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி வைத்தார். மறுநாள் வீக்கமோ வலியோ கூடினால் ஒரு படி பின்னே போவோம், இல்லாவிட்டால் மட்டுமே சிறிதளவு எடை சேர்ப்போம்.

ஆகவே முழங்கால் வலியுடன் செல்பவர்கள் முதலில் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற இயன்மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். பயிற்சி நிலையத்தில் ஒரு மாதத்துக்கு மேல் முற்பணம் கொடுக்காதீர்கள். நிபந்தனைகளை வாசித்து, பணம் திரும்பக் கிடைக்கும் முறையை எழுத்தில் கேளுங்கள். உங்கள் வளைவைப் புகழ்ந்து அதை இன்னும் நீட்டிவிட முனைபவரிடம் காலைக் கொடுக்காதீர்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் பற்றுச்சீட்டின் பிரதியுடனும் மருத்துவரின் கடிதத்துடனும் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் மாடியிலுள்ள வீட்டுக்கு இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறேன். இறங்கும்போது மட்டும் இன்னும் பிடிக்கவேண்டியிருக்கிறது.