நாலு சேனல் இருக்கிறது என்று ஸ்மாட்சுக்கு யார் சொல்வது?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு, சாதனங்களை இயக்கும் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது. ஸ்மாட்ச், சி மொழி புரோகிராமை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் இலவசக் கருவி. லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற இதே வகைக் கருவியின் மேல் டான் கார்ப்பென்டர் கட்டியது. நாகமலைப் புதுக்கோட்டை வீட்டில் உட்கார்ந்து ஒரு வருடமாக ஓட்டுகிறேன்.

முதல் நாளே ஒரு டிரைவருக்கு 11 எச்சரிக்கை. அதில் ஒன்பது பொய். எங்கள் சென்சாரில் நாலு சேனல். அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கும் லூப்புக்குள்தான் ‘ரெட்’ (ret, ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பு) மாறிக்கு மதிப்பு விழும். லூப் ஒரு தடவைகூட ஓடாவிட்டால் அதில் இருப்பது குப்பை என்கிறது ஸ்மாட்ச். அது சொல்வதும் நியாயம்தான். ஆனால் சேனல் எண்ணிக்கை வரும் அட்டவணையில் பூஜ்யமே கிடையாது. அது அதற்கெங்கே தெரியும்?

“அண்ணே, ரெட்டுக்கு ஆரம்பத்துலயே பூஜ்யம் போட்டுட்டா வாயை மூடிரும்ணே” என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. நானும் சரி என்றேன். தப்பு என் மேல்தான். அடுத்த மாதம் அதே ஃபங்ஷனில், லூப்புக்கு முன்னால் சிப் எண்ணைச் சரிபார்க்கும் வரி சேர்த்தேன். வாசிப்பு தோற்றால் ரெட்டைத் திருப்பு என்று எழுதினேன். ரெட்டில் பிழை எண்ணைப் போட மறந்தேன். இங்கே பூஜ்யம் திரும்பினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வயர் கழன்று தொங்க, போர்டு பாட்டுக்குப் பழைய வெப்பநிலையையே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் போச்சு. அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன். புது வரியை உடனே காட்டிக்கொடுத்தது.

இப்போது பிழை வந்தால் லூப்புக்குள்ளேயே திரும்பிவிடுகிறோம், கடைசி வரியில் நேரே பூஜ்யம். எச்சரிக்கையும் போனது, புரோகிராமும் சுத்தமானது.

மீதி இரண்டு நிஜம். ஒன்று, பிழைப் பாதையில் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) திறக்காமலே வெளியேறும் இடம். அதை ஆறு மாதமாக மூன்று பேர் படித்திருக்கிறோம்!

ஃபங்ஷன்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டால் பொய்கள் குறையும். என் லேப்டாப்பில் ராத்திரி முழுக்க ஓடும். கரண்ட் போகாத நாளாகப் பார்த்துப் போடுங்கள், நான் ஒரு தடவை பாதியில் விட்டவன்.

ஐந்துக்கு நாலு. நேற்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் புதியதை மட்டும் பார்ப்பதுதான் என் வழக்கம். மேலே ஒரு வரி சேர்ந்தால் போதும், வரி எண் நகர்ந்து பழைய பொய்யெல்லாம் புதுசு போல வந்து நிற்கிறது. ஒரு மார்க் குறைத்தது அதற்குத்தான்.