12 வோல்ட் 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் போர்டு: லோடு இருந்தால் சமர்த்து

சிசிடிவி கேமராக்களுக்கென்று விற்கிற, வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் டிசியாக மாற்றித் தரும் பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்); பெட்டி இல்லாத வெறும் போர்டு. விலை 350 ரூபாய். கம்பெனி பெயர் எங்கும் இல்லை. கன்ட்ரோலர் ஐசி மேல் யூசி3842 என்று இருக்கிறது.

லோடு கொடுத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 4 ஆம்ப் இழுத்தும் 12 வோல்ட் அசையவில்லை. டெர்மினல் ஸ்க்ரூவும் ஒயரை நன்றாகப் பிடிக்கிறது.

கேமராக்களைக் கழற்றிவிட்டு, சில மில்லிஆம்ப் மட்டும் இழுக்கிற ரிமோட் ரிசீவரை மாட்டினால்தான் சேட்டை. டிக்... டிக்... என்று சத்தம், வெளியீடு 12க்கும் 8க்கும் நடுவே ஆடுகிறது. ஐசியின் 7ஆம் பின்னுக்கும் (விசிசி, அதாவது ஐசிக்கான சப்ளை) 5ஆம் பின்னுக்கும் (கிரவுண்ட்) நடுவே வோல்ட்டை அளந்தால் கதை புரிந்துவிடும். இந்த ஐசி கிளம்ப 16 வோல்ட் வேண்டும், 10க்குக் கீழே இறங்கினால் படுத்துவிடும். ஓடும்போது அதற்குச் சப்ளை வருவது டிரான்ஸ்ஃபார்மரின் ஆக்ஸிலரி வைண்டிங் என்ற துணைச் சுற்றிலிருந்து. லோடு குறைந்தால் பல்ஸ் சுருங்கும், வைண்டிங்கில் வருவதும் வற்றும். ஐசி படுக்கும், ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் வழியே மெதுவாக 16 ஏறும், மறுபடி கிளம்பும். அந்த 7ஆம் பின்னில் வோல்ட் ஆடாமல் வெளியீடு மட்டும் ஆடினால் அது வேறு வியாதி. வெளியீட்டைக் கவனித்து ஐசிக்குத் தகவல் சொல்லும் டிஎல்431, ஆப்டோகப்ளர் பக்கம் போய்ப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: பிரைமரியில் (மெயின்ஸ் பக்கம்) 320 வோல்ட் டிசி நிற்கும். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஆஸிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அங்கே மாட்டாதீர்கள். இந்த வேலைக்கு மல்டிமீட்டரே போதும்.

விசிசி கெபாசிட்டர் 22 மைக்ரோஃபாரட். அதை 100 ஆக்கினால் தீரும் என்று பலர் சொல்வார்கள். ஆக்கிப் பார்த்தேன், டிக் சத்தத்துக்கு இடைவெளி கூடியது, ஆன் செய்தால் கிளம்ப நேரமும் கூடியது, அவ்வளவுதான். வருவதே போதாதபோது தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்? பழைய 22ஐயே திரும்ப வைத்தேன். வேலை செய்தது இரண்டு மாற்றம்: ஆக்ஸிலரி டயோடோடு தொடராக இருந்த 22 ஓம் ரெசிஸ்டரை 4.7 ஆக்கியது, வெளியீட்டில் 470 ஓம் 1 வாட் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போட்டது. 25 மில்லிஆம்ப், 0.3 வாட் வீண்தான், ஆனால் ஆட்டம் நின்றது. மாற்றியபின் முழு லோடில் 7ஆம் பின்னை மறுபடி அளந்துவிடுங்கள். 30 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

பத்து பைசா ரெசிஸ்டரைத் தொழிற்சாலையிலேயே போட்டிருக்கலாம். கடைக்காரரிடம் கேட்டதற்கு, "லோடு போடுங்க சார், சரியாயிடும்" என்றார். கேமராவுக்கு வாங்குபவருக்கு அந்தப் பதில் போதும். ராத்திரி முழுக்கச் சும்மா காத்திருக்கிற ரிசீவருக்கு என்றால், சாலிடரிங் அயர்ன் கையில் இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். லைட் லோடில் பர்ஸ்ட் முறைக்கு (பல்ஸை விட்டுவிட்டுத் தருவது) போகும் ஓபி2263 மாதிரி ஐசி உள்ள போர்டாகக் கேளுங்கள்.