மூச்சுத் திணறிய நாயோடு ஓடிய இரவு நேர மருத்துவமனை

எங்கள் பையன் (நாய்தான், 11 வயது) நள்ளிரவில் முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி, படுக்கவே மாட்டேன் என்று மூச்சுக்குத் தவித்தான். தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டிய மூச்சு 60-ஐத் தாண்டியிருந்தது, ஈறும் நீலம் பூத்திருந்தது. போனதும் எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஆக்ஸிஜன் கூண்டு, பதற்றம் தணிய லேசான ஊசி, அவ்வளவுதான். கோபம் வந்தது உண்மை. திணறும் நாயை மல்லாத்திப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் மேஜையிலேயே உயிர் போகலாம் என்று டாக்டர் அப்புறம்தான் விளக்கினார். அவன் நின்றபடியே இருக்க, நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: நுரையீரலில் நீர், இதயத்தின் இடது மேலறை பெருத்திருக்கிறது. மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு) கசிவாம். உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசமைடு ஊசி போட்டு, மூச்சு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் எக்ஸ்ரே.

குறையும் உண்டு. உள்ளே கொண்டுபோன பிறகு ஒன்றரை மணி நேரம் யாரும் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, வரவேற்பில் இருந்தவரோ படிவத்தில் கையெழுத்து வாங்குவதிலேயே குறியாக இருந்தார். நாலு நட்சத்திரம், குறைத்த ஒன்று அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு.