கதவு றப்பருக்கு சிலிக்கோன்: கல்லடி உப்புக்காற்றில் சில வருட அனுபவம்

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே வெளியில் நிற்கிற காரில் எஞ்சினுக்கு முன்னமே வயது போவது கதவு றப்பருக்கும் சட்டர் (ஏறி இறங்குகிற கதவுக் கண்ணாடி) ஓடுகிற பள்ளத்துக்கும்தான். கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் இரண்டு நாள் வெயிலில் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தால், றப்பர் சர்ரென்று பிய்ந்துகொண்டு வரும். வெள்ளைப் பெயின்றில் கறுப்புத் தடம் ஒட்டியிருக்கும். பின்சட்டர் பாதி ஏறி நின்று முனகும்.

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, கையில் இருக்கிற காரைக் காப்பாற்றுவதுதான் வழி என்று றப்பருக்கு சிலிக்கோன் (ஒட்டுகிற பசை அல்ல, வழுக்க விடுகிற பூச்சு) பூசத் தொடங்கினேன். 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டது. என் காரில் இன்னும் அதே றப்பர்தான்.

ஸ்பிரேயும் பேஸ்டும் இரண்டும் பாவித்திருக்கிறேன். கதவைச் சுற்றியுள்ள பீடிங்குக்கு பேஸ்ட் நல்லது. விரலில் பட்டாணி அளவு எடுத்து மெல்லிசாகத் தேய்த்தால் ஒரு கதவுக்குக் காணும், நீண்ட நாள் நிற்கும். சட்டர் பள்ளத்துக்குள் விரல் போகாது, அங்கே குழாய் வைத்த ஸ்பிரேதான். ஆனால் எதைப் பூசினாலும் பூசுவதற்கு முன் துடைப்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஐஸ்கிறீம் குச்சியில் ஈரத்துணியைச் சுற்றிப் பள்ளத்தில் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். கடல் மண்ணும் உப்பும் கறுப்புச் சேறாக வரும். அது கிடக்கும்போது மேலே ஸ்பிரே அடித்தால் மண்ணோடு சேர்ந்து கண்ணாடியைத்தான் கீறும். துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் அடித்து, சட்டரை நாலைந்து தடவை ஏற்றி இறக்க வேண்டும்.

நான் கச்சானுக்கு முன்னும் மாரிக்கு முன்னும் பூசுகிறேன். மாரிக்கு முன் கதவின் அடியில் இருக்கிற சின்னத் தண்ணீர்த் துளைகளையும் குச்சியால் குத்திவிடுங்கள். அவை அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்தே கறள் பிடிக்கும்.

தேங்காய் எண்ணெய் பூசச் சொல்பவர்கள் ஊரில் நிறையப் பேர். முதல் கிழமை பளபளக்கும், அப்புறம் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். வஸ்லினும் கிறீசும் அதைவிட மோசம். இப்போதைய கார்களின் கதவு றப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற வகை. பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதி மென்மையாகிவிடும். சிலிக்கோன் அதை ஒன்றும் செய்வதில்லை.

டொரொண்டோவில் இருக்கும் மச்சானும் இதையேதான் வாங்குகிறான். அங்கே ஒட்ட வைப்பது உறைபனி. றப்பருக்கும் தகரத்துக்கும் நடுவில் நிற்கிற ஈரம் இரவில் உறைந்து பசையாகப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் றப்பர் கிழியும். சிலிக்கோன் பூசிய றப்பரில் தண்ணீர் தங்காது. "பனி விழ முந்திக் காய்ஞ்ச நாளில பூசிப்போடு, மறுகா கஷ்டமில்ல" என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். உறைந்துவிட்டால் கதவை முதலில் உள்ளே அமத்தி அந்தப் பிடியை உடைக்க வேண்டும். சட்டர் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டரோ கேபிளோ போகும். கொதிதண்ணீர் ஊற்றவே கூடாது, கண்ணாடி வெடிக்கும்.

ஒரு குறை உண்டு. ஸ்பிரே முன்கண்ணாடியில் பட்டால் மழை இரவில் வைப்பர் கலங்கல் போட்டு எதிர்வரும் லைற்றில் ஒன்றும் தெரியாது. அதனால் துணியால் மறைத்துவிட்டு அடியுங்கள். பிறேக், ஸ்ரியரிங் பக்கமும் வேண்டாம். காரைப் பெயின்ற் அடிக்க விடுகிறீர்கள் என்றால், சிலிக்கோன் பாவித்ததைப் பெயின்ற் அடிக்கிற பாஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அது துளி இருந்தாலும் புதுப் பெயின்ற் பிடிக்காமல் குட்டிக் குட்டிக் குழியாக விலகும். சொன்னால் அவர் அந்த இடத்தை முதலில் கழுவி எடுத்துவிட்டு அடிப்பார்.